என் அதட்டலுக்கு ஆடிய ஆஸ்பத்திரி

அன்பு மருமகளுக்கு,

உன் அம்மா, என் அக்கா, பிழைத்துவிட்டாள். காலில் ஆணி குத்திய புண்ணிலிருந்து விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. நான் போட்ட அதட்டலில் ஆஸ்பத்திரியே ஆடிப்போனது! நர்ஸம்மா ஒரு குரல் கொடுத்ததும் டாக்டர், ரத்தம் எடுப்பவர், மருந்துக்காரர் எல்லாரும் ஒரே கட்டிலுக்கு ஓடி வந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறியாக வேண்டுமாம்.

“பெரியவரே, வழிய விட்டு நில்லுங்க” என்றாள் நர்ஸம்மா. என் மேல் அவ்வளவு மரியாதை.

“நேத்தே கொண்டாந்திருந்தா கால்...” என்று டாக்டர் இழுத்தார். ஒரு நாள் நான் வீட்டிலேயே வைத்து வைத்தியம் பார்த்ததற்கு இவ்வளவு பேச்சு. படித்தவர்களுக்கு எதிலும் ஒரு குறை.

இன்று உன் அம்மா கண் விழித்தாள். “ஏன்டா தம்பி, முழங்காலுக்குக் கீழ போர்வை தட்டையாக் கிடக்கு?” என்று கேட்டாள்.

ஊரையே பேசி மடக்கும் நான், டாக்டரைக் கூப்பிடுகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். நீ வந்து சொல்லம்மா.

வார்டுக்குள் போகாமல் வாசலிலேயே நிற்கும்,
உன் தாய்மாமன்