வரிசையின் வால்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவும் அப்படித்தான் என்று எழுதப் பேனா வரவில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் அவருக்குக் காது மட்டும் இன்னும் கூர்மை, அதனால் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் சிரிக்காதே, அஞ்சாம் வகுப்பு எழுத்து இவ்வளவுதான் ஓடும். பேத்தி முன்பல் விழுந்து சிரிக்கிற போட்டோவை அவர் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறேன்.

எல்லையில் வரிசையில் நிற்காமல் தாண்ட உனக்கு அந்த நம்பகப் பயணி அட்டை கிடைத்ததை இந்தத் தெருவில் நான் சொல்லாத ஆள் இல்லை. கைரேகை எடுத்து, கேள்வி கேட்டு, அக்கம்பக்கம் விசாரித்து, ரெண்டு நாட்டுக்காரர்களும் என் மகளை நம்பி விடுகிறார்கள் என்று மருந்துக்கடைக்காரம்மாவிடம் சொன்னால், என் பையனை நானே நம்பமாட்டேன்க்கா என்கிறாள். விண்ணப்பம் போடு போடு என்று உன்னைப் பிடுங்கியது அப்பாதான். நீ மாசமாக இருந்தபோது கால் வீங்கிப்போய் வரிசையில் காருக்குள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர் அன்று சாப்பிடவே இல்லை. அதுவரை நீ இந்தப் பக்கம் கம்பெனி வேலை முடிந்து அந்தப் பக்கம் உன் வீட்டுக்குத் திரும்புகிற நாளெல்லாம் தெரு முனைக்குப் போய், செக்போஸ்ட் வரிசையின் வால் எங்கே நிற்கிறது என்று பார்த்து உனக்குப் போன் போடுவார். டயர்கடை வரைக்கும் என்றால் நேராகப் போய்விடு, மருந்துக்கடையைத் தாண்டிவிட்டால் வீட்டுக்கு வா, சாப்பிட்டுப் படுத்து எழுந்து போகலாம். வரிசை ஆபீசர் வந்துட்டார் என்று டயர்கடைக்காரர் நாற்காலி எடுத்துப் போடுவார்.

இப்போது நீ அட்டைக்காரர்களுக்கான பக்கத்து வழியில் நிற்காமல் போய்விடுகிறாய். குறையாகச் சொல்லவில்லை, அதற்குத்தானே வாங்கினோம். மாடியில் துணி காயப்போடும்போது உன் வெள்ளைக் கார் போவதைப் பார்த்துக் கையை ஆட்டினேன், நீ ரோட்டைப் பார்த்து ஓட்டினாய், அதுதான் சரி.

கீழே விழுந்து படுத்ததிலிருந்து அப்பாவுக்கு நினைவு முன்னும் பின்னுமாகத்தான் இருக்கிறது. உனக்கு அட்டை வந்தது மறந்துவிட்டது, வரிசை மட்டும் மறக்கவில்லை. சாயங்காலமானால் என்னை முனைக்கு அனுப்புகிறார். வியாழக்கிழமை ரோடு காலியாகக் கிடந்தது, வந்து அப்படியே சொன்னேன், முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாளும் காலிதான், எனக்கு மனசு கேட்கவில்லை, மருந்துக்கடையைத் தாண்டி நிற்கிறது என்று சொல்லிவிட்டேன். "அப்போ பாப்பா வருவா, அவளுக்கும் எடுத்து வை" என்றார். உன் தட்டையும் வைத்தேன். அவள் வரட்டும் என்று ஒரு வாய்கூட வாங்கவில்லை, சாப்பாடு ஆறிப்போனது. கடைசியில் அவரே, வரிசை நகர்ந்திருக்கும், பாவம் அவள் என்ன செய்வாள் என்று எனக்குச் சமாதானம் சொன்னார்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வர வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்றார். வேறு யாரை நான் கூப்பிடுவேன். அடுத்த தடவை திரும்பும்போது வா, பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா. வந்ததும் அட்டைப் பேச்சை எடுக்காதே. வரிசை ரொம்ப நீளம்ப்பா, கொஞ்சம் படுத்துட்டுப் போறேன் என்று மட்டும் சொல்.

மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம். நீ போகிற வழியெல்லாம் தடையில்லாமல் இருக்கட்டும். ஓட்டிக்கொண்டே சாப்பிடாதே. உன் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தினமும் முனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரும்
உன் அம்மா