செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் இல்லை என்றேன்

என் ஷாஹினுக்கு,

வீடு பார்க்கப் போன அன்று இரண்டு விஷயங்களை நான் சொல்லவில்லை. ஒன்றை வீட்டுக்கார அம்மாவிடம், இன்னொன்றை நீ அம்மி என்று கூப்பிடும் உன் அம்மாவிடம். ஒருவர் பேச்சை மற்றவருக்கு மாற்றிச் சொல்ல என்னை விட்டால் அங்கே ஆள் இல்லை. நம் அறையில் நீ சொல்லித்தந்த அரைகுறை இந்திதான்.

நீ காய்ச்சலில் இறந்துபோய் இரண்டு வருடமாகிறது. போன மாதம்தான் முதல்முறையாக வடக்கே உன் ஊருக்கு வந்தேன். உங்கள் கடையில் உட்கார்ந்து, அம்மி லேஸ் அளந்து வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்க்கடைக்காரர் ஜிலேபி கொடுத்தனுப்பிவிட்டு, "மதராஸ் பொண்ணு இதுக்கும் சாம்பார் கேக்குமா?" என்று அங்கிருந்தே கத்தினார். தெருவே சிரித்தது. இங்கே பயப்பட என்ன இருக்கிறது என்று நினைத்தபடி ரயில் ஏறினேன்.

நான் திரும்பிய மறு வாரம் அந்தத் தெரு வழியாக ஓர் ஊர்வலம் போனது. மசூதி வாசலில் நின்று பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார்களாம். பிறகு கல், பிறகு நெருப்பு. முதல் கல்லை எறிந்தது யார் என்று எங்கள் ஆபீஸ் கேண்டீனில்கூட வாதாடினார்கள். நான் செல்போனில் ஒரு கருகிய ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே பலகையில் நீ வரைந்த ரோஜா பாதி மிச்சமிருந்தது.

இன்டர்நெட்டையும் நிறுத்திவிட்டார்கள். அம்மியின் குரல் கேட்கப் பல நாளாயிற்று. எதிர்க்கடைக்காரர் அப்போது எங்கே இருந்தார் என்று கேட்டேன். அம்மி போனில் வேறொன்று கேட்டார்.

"உங்கள் ஊரில் எனக்கு ஒரு வீடு கிடைக்குமா, பேட்டீ, என் மகளே? அங்கே யாரும் பெயர் கேட்க மாட்டார்கள் என்று ஷாஹின் சொல்வாள்."

ஏன்டி அப்படிச் சொல்லிவைத்தாய்? காட்டுப்பாக்கத்தில் வீடு கேட்டு நாம் ஏறி இறங்கிய மாடிகளை மறந்துவிட்டாயா? கடைசியில் என் பெயரில்தானே வீடு எடுத்தோம்?

அம்மி வந்தார். நான் இப்போது ஹாஸ்டலில் இருக்கிறேன். விருந்தாளி ஒரு வாரத்துக்கு மேல் தங்க முடியாது. புரோக்கர் செம்பரம்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டைக் காட்டினார். ஜன்னலிலிருந்து ஏரி தெரிந்தது. தையல் மிஷின் எங்கே போடலாம் என்றுகூட அம்மி பார்த்துவிட்டார். வீட்டுக்கார அம்மா உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். அப்புறம் பெயர் கேட்டார். சொன்னேன்.

"தப்பா எடுத்துக்காதம்மா. பெரியவங்க பாக்க நல்லாத்தான் கீறாங்க. ஆனா டிவில காட்டிகினே இருக்கான் பாரு, எங்கியோ கடையெல்லாம் கொளுத்திட்டாங்கன்னு. அந்த வம்பு நம்ம ஊட்டாண்ட எதுக்கு?"

புரோக்கர் என்னைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "இன்னாக்கா நீ, மொதல்லயே பேர சொல்லியிருந்தா என் பெட்ரோலாவது மிஞ்சியிருக்கும்."

டிவியில் காட்டிய கடைகளில் ஒன்று இவருடையது என்று அந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனம் இளகியிருப்பாரா, இன்னும் பயந்திருப்பாரா? தெரியவில்லை. அம்மியின் துக்கத்தைக் காட்டி வீடு கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

"என்ன சொல்கிறார்?" என்று அம்மி கேட்டார்.

"தண்ணீர்ப் பிரச்சினையாம், அம்மி."

அம்மி ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தார். எவ்வளவு தண்ணீர், ஷாஹின்! கண்ணுக்கெட்டிய தூரம் வரை.

"ஷாஹினும் போனில் இதையேதான் சொல்வாள்," என்றார். "பார்த்த எந்த வீட்டிலும் தண்ணீர் இல்லையாம்."

மோர் டம்ளரை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, வீட்டுக்கார அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் விழுந்துவிடுவேன் என்பதுபோல.

நீயும் இதே பொய்யைத்தான் சொன்னாயா? அவருக்கு எப்போதிலிருந்து தெரியும்? யாரும் பெயர் கேட்க மாட்டார்கள் என்று என்னிடம் சொன்னபோதே தெரிந்துதான் சொன்னாரா?

வீடு தேடுவதை நான் விடவில்லை. இனி வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் அம்மியின் பெயரை முழுதாகச் சொல்வேன். அவர்கள் என்ன சொன்னாலும் அதை அம்மியிடம் அப்படியே சொல்வேன். உனக்கு இந்த வாக்கைத் தருகிறேன்.

வாரம் முடிந்ததும் அம்மி சென்ட்ரலில் ரயில் ஏறிவிட்டார். எரிந்த கடைக்கு மேலே உள்ள அறையில்தான் இப்போது இருக்கிறார்.

உன் அக்கா,
கயல்