ராணியின் ஜப்பான் கதைகளும் என் அண்ணனின் கல்யாணமும்

என் ராணிக்கு, என் தங்கத்துக்கு,

நீ போய் ஒன்றேகால் வருஷம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு எழுதாததற்குக் காரணம், எழுதும்படி நல்ல சேதி எதுவும் இல்லை. இப்போது இருக்கிறது. என் அண்ணன் கல்யாணம் நின்றுபோய்விட்டது. நிறுத்தியது நான். உனக்கு மட்டும் சொன்னால் என் மனசு ஆறாது, நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இப்படி ஊரறிய எழுதுகிறேன். அவன் பெயரை எழுதவில்லை. வல்லம் வடகாலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எதை வைத்து நிறுத்தினேன் தெரியுமா? உன் ஜப்பான் புத்தகங்களை வைத்து. உனக்குத் தெரிந்த கதைதான். படிக்கிறவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நானும் நீயும் ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் ஒரே லைனில் எதிரெதிரே நின்றோம். நான் உள்ளூர்க்காரி. நீ சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தாய். நமக்கு வேலை பழக்க ஒரு ஜப்பான்காரம்மா வந்து ஆறு மாசம் இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் செங்கல் கனத்துக்கு ஒரு பொம்மைப் புத்தகத்தை விரித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுவாள். கேட்டதற்கு, மங்கா, காதல் கதை என்று சைகையில் சொன்னாள். அவள் ஊருக்குப் போனதும் கெஸ்ட் ஹவுஸைச் சுத்தம் செய்தவர்கள் அந்தப் பெட்டியைப் பழைய பேப்பர் கடையில் போட்டார்கள். நீ போய் வாங்கி, தலையில் வைத்து ஹாஸ்டலுக்குச் சுமந்து வந்தாய். பதினேழு புத்தகம். அத்தனையும் காதல்.

எழுத்து ஒன்றும் புரியவில்லை. படங்களைப் பார்த்தே கதையைப் பிடித்தாய். பேச்சு எழுதியிருந்த கட்டங்களில் பேப்பர் ஒட்டி, பென்சிலில் நீயே தமிழில் வசனம் எழுதினாய். நெற்றியில் முடி விழுந்த ஜப்பான் பையன் திருநெல்வேலித் தமிழில் பேசுவான். ஹாஸ்டலில் முப்பது பெண்கள் அதைப் படித்துவிட்டு ஷிப்டுக்குக் கண் வீங்கி வந்தார்கள்.

அதில் ஒரு கூத்து நடந்தது, அப்போது நமக்குத் தெரியாது. அந்தப் புத்தகங்களை வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டுமாம். நாம் நம் புத்தகத்தைப் போல இடமிருந்து புரட்டினோம். பதினேழு கதையையும் தலைகீழாகப் படித்தோம். முதல் பக்கத்திலேயே கல்யாணக் கோலம். அப்புறம் முத்தம், அப்புறம் சண்டை, அப்புறம் வெட்கம். கடைசிப் பக்கத்தில் ஒருவரை ஒருவர் தெரியாதவர்களாகத் தாண்டிப் போவார்கள். அழகான படமெல்லாம் பின் அட்டையில் இருக்கிறதே என்றுகூட நமக்குச் சந்தேகம் வரவில்லை.

நீ அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தாய். "ஏட்டி மலரு, ஜப்பான்காரன் வெவரமானவன். நம்ம படத்துல கல்யாணத்தோட முடிச்சிருவான். இவன் கல்யாணத்துல ஆரம்பிச்சு, ரெண்டு பேரும் யாரோ எவரோன்னு போறது வரைக்கும் காட்டுதான் பாரு" என்றாய். நான் தலையாட்டினேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

உன்னைப் போல புத்தகம் எடுத்துக் கொடுக்க இன்னொருத்தி பிறக்க வேண்டும். தலைப்பு படிக்கத் தெரியாததால் அட்டைப் படத்தை வைத்துப் பேர் வைத்தாய். நீலக் குடை, சைக்கிள்காரன், ரெட்டைப் பின்னல், ரயில். ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு குறிப்பு. 'ரெட்டைப் பின்னலைப் படித்து அழுதவர்கள் அடுத்து நீலக் குடை படிக்கவும். அதிலும் அவன் நிறைய சத்தியம் பண்ணுவான்.' 'மனசு சரியில்லாவிட்டால் சைக்கிள்காரன். அதில் மாமியார் கிடையாது.' டாக்டர் கதை மாதிரி இன்னொன்று கொடு என்று யாராவது வந்தால் சும்மா எடுத்து நீட்ட மாட்டாய். "டாக்டர் புடிச்சுதா, டாக்டர் அவளுக்காகக் காத்துக் கெடந்தது புடிச்சுதா?" என்று கேட்பாய். காத்துக் கிடந்ததுதான் என்று சொன்னால் கையில் டாக்டரே இல்லாத ஒரு புத்தகம் வரும். அடுத்த வாரம் அவளே வந்து, எப்படிக்கா கண்டுபிடிச்சே என்று உன் கையைப் பிடிப்பாள்.

எல்லோருக்கும் எது பொருந்தும் என்று தெரிந்தவளுக்குத் தன் விஷயத்தில் மட்டும் ஏன் தெரியவில்லை?

என் அண்ணன் அதே கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். இரண்டு வருஷம் உன் பின்னால் சுற்றினான். வல்லக்கோட்டைக் கோயிலில் வைத்து உன்னிடம், "முருகன் எனக்குன்னு எடுத்து வெச்ச பிரசாதம் நீ" என்று சொன்னானாம். நீ வந்து சொன்னபோது நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். உனக்கு அது பிடித்துப்போய் நீலக் குடையில் அந்த ஜப்பான் பையன் வாயில் எழுதிவைத்தாய். அப்புறம் அவன் சொன்னதையெல்லாம் எழுத ஆரம்பித்தாய். வரப்போகிற அண்ணி என்று நான் மனசுக்குள் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்த அன்றைக்கு அவன் ஒரே போடாகப் போட்டான். "அந்தப் பொண்ணா? லைன்ல வேல செய்யுது. சும்மா சும்மா வந்து பேசும். யாரு இன்னான்னே எனக்குச் சரியா தெரியாதும்மா." அம்மா நேரே ஹாஸ்டல் வாசலுக்கு வந்தாள். கூட நானும் வந்தேன். "எம் புள்ளைக்கு உன்ன யாருன்னே தெரியலியாம். வேலைக்கு வந்தியா, புள்ள புடிக்க வந்தியா? நம்ம ஆளுங்களா நீங்கள்லாம்?" என்று ஷிப்டு விட்டு வருகிற பெண்கள் முன்னால் கத்தினாள். நீ அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் வாயைத் திறக்கவில்லை ராணி. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் லைனில் வந்து, "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லாட்டி. இனி உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஷிப்டை மாற்றிக்கொண்டு போனாய். வம்பு வேண்டாம் என்று வார்டன் அம்மாள் உன்னைக் காலி பண்ணச் சொன்னாள். வாலாஜாபாத் ரோட்டில் தனியாக ஒரு ரூம் எடுத்தாய். அங்கேதான் காமாலை வந்தது.

நீ செத்தது எனக்குக் கம்பெனி கேட்டில்தான் தெரியும். ஓடினேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ், இரண்டு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றாள். உனக்கு ரூம் விட்ட வீட்டுக்காரம்மா ஒரு ஓரத்தில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தாள். "ஜுரத்தோட கடைக்குப் போய் ரெண்டு வாட்டி போன் போட்டுச்சு பொண்ணு. யாரோ வருவாங்கன்னு திரும்பி வந்து வாசல்லயே குந்திக்கினு இருந்துச்சு. ஒருத்தரும் வரல. நான்தான் கடைசியில ஆட்டோ வெச்சேன்."

வீட்டில் அம்மா தானாகவே சொன்னாள். "முந்தாநேத்து காலைல ரெண்டு வாட்டி போன் வந்துச்சு. உங்க அண்ணன் எடுத்து ராங் நம்பர்னு வெச்சிட்டான். தொந்தரவா கீதுன்னு ரிசீவரையும் எடுத்துக் கீழ போட்டுட்டான்." நீ அவனைத்தான் கூப்பிட்டிருக்கிறாய், அவன் உன் குரலைக் கேட்டுத்தான் வைத்திருக்கிறான் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கே அவன் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். அப்போதும் நான் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் நான் மோந்து கொடுத்ததில்லை.

உன் அப்பா வந்து துணிமணியை எடுத்துக்கொண்டு புத்தகப் பெட்டியை என்னிடம் தந்தார். "இது எங்களுக்கு எதுக்கு தாயி, நீயே வச்சுக்கோ" என்றார். நான் யார் தங்கை என்று அவருக்குத் தெரியாது.

இந்தத் தையில் அவனுக்குப் பெண் நிச்சயமானது. பெயர் கவிதா, காஞ்சிபுரத்துப் பெண், பி.எஸ்ஸி. படித்துவிட்டு பிரவுசிங் சென்டரில் வேலை. வீடு பார்க்க வந்தவள் என் அலமாரியில் உன் புத்தகங்களைப் பார்த்துவிட்டாள். "ஐயோ மலர், இதை அந்தப் பக்கத்துலேருந்து படிக்கணும்" என்று அவள்தான் சொன்னாள். நல்லவேளை, உனக்கு இது தெரியாமல் போயிற்று என்று நினைத்தேன். தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமோ?

சைக்கிள்காரனை எடுத்துப் போனவள் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்தாள். "உன் ஃபிரெண்டு எழுதினபடி இடதுபக்கத்துலேருந்துதான் படிச்சேன். இதுதான் சூப்பரா இருக்கு. இதே மாதிரி இன்னொண்ணு கொடேன்." நான் உன் கேள்வியைக் கேட்டேன். "சைக்கிள் புடிச்சுதா, அவன் பேசற பேச்சு புடிச்சுதா?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "பேச்சுதான். உங்க அண்ணன் போன்ல பேசறா மாதிரியே இருக்கு" என்றாள்.

அதுவரைக்கும் எனக்கு எந்த யோசனையும் இல்லை, சத்தியமாக. அந்த நிமிஷத்தில்தான் வந்தது. என்ன பிடித்தது என்று அவளே சொல்லிவிட்டாள். அதே மாதிரி எடுத்துக் கொடுப்பதுதானே வேலை? நீலக் குடையைக் கொடுத்தேன். அதில் பிரசாத வசனம் இருக்கிறது. ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தபோது அவள் சிரிக்கவில்லை. "இந்த வசனம் உன் ஃபிரெண்டு சொந்தமா எழுதினதா?" என்று மட்டும் கேட்டாள். "அவளுக்கு ஒருத்தன் சொன்னது" என்றேன். அடுத்து ஒன்று வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. நானே ரெட்டைப் பின்னலை எடுத்து வைத்தேன். அதில் அவன், அம்மா பேச்சை மீற முடியாது, கொஞ்ச நாள் பொறு என்று பத்துப் பக்கத்துக்குச் சொல்கிறான். மூன்றாவதாக ரயில். அதில் நீ கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டம்தான் நிரப்பியிருந்தாய். 'யாருன்னு தெரியலியே.' அதற்குக் கீழே உன் கையெழுத்தில் உன் பெயரும் ஊரும்.

பத்திரிகைக்கு வாசகம் பார்க்கிறோம் என்று கவிதாவும் அவள் அப்பாவும் வந்தார்கள். அம்மா கேசரி கிளறியிருந்தாள். கவிதா பையிலிருந்து ரயில் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "சங்கரன்கோவில் ராணி யாருங்க?" என்று அவனைக் கேட்டாள்.

"எந்த ராணி? எனக்குத் தெரியாதே."

"உங்க பேச்சையெல்லாம் அச்சு மாறாம எழுதி வெச்சிருக்காங்க. எனக்குச் சொன்னதுதான், ஒரு எழுத்துகூட மாத்தல."

அம்மாதான் வாயை விட்டாள். "செத்துப்போனவளப் பத்தி இப்ப இன்னாத்துக்கும்மா?"

வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. கவிதாவின் அப்பா கேசரித் தட்டைக் கீழே வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "நாங்க போறோம்" என்றார். நம் பக்கத்தில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் வரோம் என்றுதான் சொல்வார்கள் என்று உனக்குத் தெரியுமே. அவர் போறோம் என்றார்.

அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்கு சந்தோஷமாக இருந்தது ராணி. மறைக்கப்போவதில்லை. அவர்கள் வைத்துவிட்டுப் போன கேசரியை நான் உட்கார்ந்து தின்றேன்.

"கூடப் பொறந்தவளா நீ?" என்று அவன் வந்தான். நான் எழுந்து நின்றேன். "அவ சாகக் கெடந்து உன்னக் கூப்பிட்டா. நீ குரலக் கேட்டுட்டு ராங் நம்பர்னு வெச்ச" என்றேன்.

அவன் கத்தினான். "என்னை எங்கடி கூப்பிட்டா? என்னை அவ கேக்கவே இல்ல. மலர் கீறாளா, மலரக் கூப்புடுங்கன்னுதான் ரெண்டு வாட்டியும் கேட்டா. உன்கிட்ட எதுனா சொல்லி வம்பு பண்ணுவான்னுதான் வெச்சேன்."

அம்மா அவன் வாயைப் பொத்த எழுந்தாள். நீ போன் போட்ட அன்றைக்கு எனக்கு மதிய ஷிப்டு. வீட்டில்தான் இருந்தேன் ராணி. போன் அடித்தபோது கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மணிச்சத்தம் கேட்டது. அண்ணன் எடுப்பான் என்று இருந்துவிட்டேன்.

மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்றாயே, எப்போது மனசு மாறினாய்? வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது என்னையா?

அம்மா என்னோடு பேசுவதில்லை. அண்ணனைக் கவிழ்த்தவளை யார் கட்டுவான் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும். ஹாஸ்டலுக்குத் திண்டுக்கல் பக்கத்துப் பெண்கள் புதிதாக வந்திருக்கிறார்கள். புத்தகங்களை அங்கே கொடுத்திருக்கிறேன். எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்று கேட்டார்கள். ராணி எழுதிய பக்கத்திலிருந்து என்றேன். ரயிலை மட்டும் கொடுக்கவில்லை.

அது எனக்கு வேண்டும். இப்போது திருவள்ளூர்ப் பக்கம் அவனுக்கு ஒரு பெண் பார்த்திருக்கிறார்கள், என்னிடம் மறைக்கிறார்கள். நான் விலாசம் வாங்கிவிட்டேன். அந்த வீட்டுக்கும் போவேன். அதற்கடுத்த வீட்டுக்கும் போவேன். இனிமேல் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு அவர்களாகக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்க மாட்டேன். ஹாஸ்டல் வாசலில் சொல்லாத அந்த ஒரு வார்த்தையை ஒவ்வொரு வாசலிலும் நின்று, உன் பேரையும் அவன் பேரையும் சொல்லி, நானே சொல்வேன். என்னைக் கூப்பிட்டாய் அல்லவா? வந்துகொண்டிருக்கிறேன்.

உன் நாத்தனார்,
மலர்