புளிக் காசு என்று சொல்ல மாட்டேன்

ஜவ்வாது மலை,
நவம்பர் 27

அன்பு மகள் காவியாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் தயவில் நானும் அம்மாவும் இங்கே சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் அந்த லூதியானா குளிரில் உடம்பு கெடாமல் வேலைக்குப் போய் வருகிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பாதிப் பேச்சில் சிக்னல் போய்விடுகிறது, நான் மேட்டுக்கு ஏறி மறுபடி கூப்பிடுவதற்குள் உனக்கு ட்யூட்டி வந்துவிடுகிறது. அதுவும் இல்லாமல் இது நான் என் தப்பைச் சொல்ல வேண்டிய விஷயம். நேரில் தப்பை ஒத்துக்கொள்ள எனக்கு வாய் வராது, அது உனக்கும் தெரியும், ஊருக்கே தெரியும்.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன், நீ கடைசி வரை பதறிக்கொண்டு படிக்க வேண்டாம். ஆனந்தன் பாஸ்டர் குடும்பம் எங்கேயும் போகவில்லை. நேற்றுதான் கீழே வட்டாரக் கமிட்டியிலிருந்து தகவல் வந்தது, அவர் இங்கேயே இருக்கலாம் என்று. அம்மா கேட்டுவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள், எனக்கும் கண் கலங்கியது, புகை என்று சொல்லிச் சமாளித்தேன். உன் நர்சிங் அப்ளிகேஷனைப் பூர்த்தி செய்து, கடைசித் தேதியில் மழையில் பைக்கில் போய்க் கட்டிவிட்டு வந்தவர் அவர். அவர் மனைவி ரேணுகாதேவி அம்மா இல்லாவிட்டால் சாயங்காலம் முப்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர இந்த மலையில் வேறு யார் இருக்கிறார்கள். ஆறு மாதமாக நெஞ்சில் கல் வைத்ததுபோல் இருந்தது, இன்றைக்குத்தான் சாப்பாடு சாப்பாடாக இறங்குகிறது.

விஷயம் உனக்குக் கொஞ்சம் தெரியும், முழுதும் தெரியாது. பாஸ்டர் சம்பளத்தில் பாதி நம் சபை தர வேண்டும், இரண்டு வருஷமாக அதில் கால்வாசிகூட நாம் தரவில்லை. ஜூன் மாதம் கமிட்டி கடிதம் போட்டது. நவம்பரில் விளைச்சலைக் கொண்டுவந்து கோயிலில் காணிக்கை வைக்கிற அறுப்பின் பண்டிகைக்குள் பாக்கியைக் கட்டாவிட்டால் பாஸ்டரைக் கீழே ஊருக்கு மாற்றிவிடுவார்கள், இங்கே மாதத்துக்கு ஒரு ஆராதனைதான். இருபத்தி இரண்டு வருஷமாக நான் செக்ரட்டரி, என் காலத்தில் இப்படி ஆனால் வெளியில் தலை காட்ட முடியுமா. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று பேசினேன். முதலில் நயமாகத்தான் பேசினேன், சத்தியமாக. நாற்பத்தி இரண்டு குடும்பம் இருக்கிறது, ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் முடிந்துபோகும் என்றேன். யாரும் அசையவில்லை, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. செல்லுக்கு ரீசார்ஜ் பண்ணக் காசு இருக்கிறது, ஆலங்காயம் போய்ப் பிரியாணி சாப்பிடக் காசு இருக்கிறது, சபைக்கு மட்டும் கை வராதா என்று கேட்டேன். ஆகஸ்ட் மாதம் இன்னும் ஒரு படி மேலே போய், பெரிய சார்ட் பேப்பர் வாங்கி வந்து நாற்பத்தி இரண்டு குடும்பத்தின் பெயரும் எழுதி, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கட்டம் போட்டு, கோயில் வாசற்படிப் பக்கத்துச் சுவரில் பசை போட்டு ஒட்டினேன். அம்மா வேண்டாம் என்று சொன்னாள், பெயரைச் சுவரில் ஒட்டினால் மனுஷர் முகத்தில் ஒட்டினதுபோல் என்றாள். நான் கேட்டால்தானே.

முப்பத்தியொரு கட்டம் காலி. அதில் ஒன்று மாதம்மாள் பெயர். புருஷன் போன பிறகு தனியாக இருக்கிறாளே, ஊரில் இருக்கும் நாளெல்லாம் சனிக்கிழமைதோறும் யாரும் கேட்காமலே கோயிலைக் கூட்டிப் பெருக்குகிறவள், அவள்தான். அடுத்த சனிக்கிழமை கோயில் பெருக்காமல் கிடந்தது. அதற்கடுத்த வாரம் பாய்கள் பாதி காலி. செப்டம்பரில் எண்ணிப் பார்த்தால் பதினொரு குடும்பம்தான் வருகிறது. பாஸ்டர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்தப் பதினொரு குடும்பத்துக்கும் நாற்பத்தி இரண்டு குடும்பத்துக்குப் பேசுகிற சத்தத்திலேயே பிரசங்கம் பண்ணினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்போதுதான் அம்மா உன்னிடம் சொல்லி, நீ ஐம்பதாயிரம் என் கணக்கில் போட்டாய். போனில் நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா. என் பணம் என்று யாரிடமும் சொல்ல வேண்டாம்ப்பா, நம்ம புளி விற்ற காசு என்று சொல்லிக் கட்டிவிடுங்கள் என்றாய். பிள்ளைக்கு எவ்வளவு அடக்கம் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன், பார், உன் அப்பனுக்கு இருக்கிற புத்தி அவ்வளவுதான்.

அக்டோபரில் ஒருநாள் அந்தப் பணத்தை எடுக்க ஜமுனாமரத்தூர் பேங்குக்குப் போனேன். மொத்தமாகக் கட்டிவிட்டால் தலைவலி விட்டது, அப்புறம் யார் வந்தால் என்ன வராவிட்டால் என்ன என்ற நினைப்பு. போகிற பஸ்ஸில் இடம் இல்லை, ஒரே ஒரு சீட், பக்கத்தில் மாதம்மாள். அவளாலும் எழுந்திருக்க முடியாது, என்னாலும் நிற்க முடியாது, என் முழங்கால் உனக்குத் தெரியும். வளைவு ஏறும்போது அவளே ஆரம்பித்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"இன்னாண்ணா, பேர எழுதி ஒட்டிட்டீங்க. எங்கைல காசு இல்லன்னா நான் சொன்னேன்? இருக்குது. ஆனா எல்லாம் கூலிக் காசு. நெலத்த குத்தகைக்கு வுட்டு நாலு வருசம் ஆவுது, குடகுல காப்பித் தோட்டத்துக்குதான் போய்ட்டு வர்றேன். சொந்த நெலத்துல வெளஞ்சதத்தான கர்த்தருக்கு வெக்கணும்? கூலிக் காச எப்பிடிண்ணா கொண்டாந்து வெக்கறது?"

எந்த மடையன் உனக்கு அப்படிச் சொன்னான் என்று கேட்டுவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நீங்கதாண்ணா. கோபால்சாமி அண்ணன் அரிசி மூட்டைய நீங்கதான திருப்பி அனுப்பிச்சீங்க."

காவியா, நான் அதை மறந்தே போயிருந்தேன். நீ ஒன்றாவது படித்த வருஷம், அறுப்பின் பண்டிகை. அந்த வருஷம் பன்றி புகுந்து கோபால்சாமி நிலத்துச் சாமையெல்லாம் நாசம். அவன் வெறுங்கையோடு வர மனசில்லாமல் ஆலங்காயம் கடையில் ஒரு மூட்டை அரிசி வாங்கி, பஸ்ஸில் ஏற்றி, தோளில் சுமந்து கொண்டுவந்தான். நான் புதுசாக செக்ரட்டரி ஆனவன், மிதப்பு. கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் நிறுத்தி, விலைக்கு வாங்கியதெல்லாம் இங்கே வேண்டாம், உன் நிலத்தில் விளைந்ததைக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பினேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரு வார்த்தை, இருபத்தியொரு வருஷத்தில் சபைக்குச் சட்டமாகிவிட்டது. எனக்குத் தெரியவே தெரியாது, நமக்குத்தான் நிலம் இருக்கிறதே, நாம் பாட்டுக்குச் சாமையும் புளியும் கொடுத்துக்கொண்டு இருந்தோம். ஊரில் பாதிப் பேர் குடகுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் போய்விட்டார்கள். சார்ட் பேப்பரில் காலியாக இல்லாத அந்தப் பதினொரு பெயரும் இன்னும் ஏர் பிடிக்கிற வீடுகள். என் கையால் நானே கட்டம் போட்டு எழுதியிருக்கிறேன், அது என் கண்ணில் படவில்லை. மற்றவர்கள் கொடுக்க மனசில்லாமல் இருக்கவில்லை, தங்கள் காசு கோயில் படி ஏறக்கூடாத காசு என்று நினைத்துக் கூசிப்போய் இருந்திருக்கிறார்கள். அவர்களைத்தான் நான் கஞ்சர் என்றேன்.

பேங்குக்குள் போகவில்லை. அதே பஸ்ஸில் திரும்பி வந்து, நேராகக் கோயிலுக்குப் போய் அந்தத் தாளைக் கிழித்தேன். பசை நன்றாகப் பிடித்துக்கொண்டு சுண்ணாம்போடு வந்துவிட்டது, சுவரில் சதுரமாக ஒரு சொட்டை. நீ வரும்போது பார்த்துச் சிரி, பூசவில்லை, இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். அங்கிருந்து கோபால்சாமி வீட்டுக்குப் போனேன். இருபத்தியொரு வருஷமாக அவன் கடைசிப் பாயில் உட்கார்ந்து ஆராதனை முடிந்ததும் முதல் ஆளாக எழுந்து போய்விடுவான், முசுடு என்று நினைத்திருந்தேன். மன்னித்துக்கொள் என்றேன், சரியாகக்கூட வாய் வரவில்லை. அவன் திண்ணையில் ஒரு பாயைத் தட்டிப் போட்டான். பிறகு, "இந்த வூட்டுக்கு வழி தெரிய ஒனக்கு இத்தினி வருசம் ஆச்சா சின்னராசு" என்று சொல்லிவிட்டு உள்ளே பார்த்து டீ போடச் சொன்னான்.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு அந்தப் பதினொரு குடும்பம்தான். அவர்கள் முன்னால் சொல்லி என்ன பிரயோஜனம். பாஸ்டரும் நானும் மீதி முப்பத்தியொரு வீட்டுக்கும் நடந்தோம். காசு கேட்கவே இல்லை. கோபால்சாமி மூட்டையைத் திருப்பி அனுப்பியது என் தப்பு, கை உழைத்து வந்தது எதுவானாலும் அது விளைச்சல்தான் என்று மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன். சில வீட்டில் சிரித்தார்கள், சில வீட்டில் முகம் கொடுக்கவில்லை, ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள், அது வேண்டுமென்றா தெரியாமலா என்று இன்னும் எனக்குச் சந்தேகம்.

போன ஞாயிறு பண்டிகை. காலையில் வாசலில் நின்றுகொண்டு வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாதம்மாள் முதல் ஆளாக வந்தாள், முந்தின நாளே வந்து கோயிலைப் பெருக்கியிருக்கிறாள், நான்தான் கவனிக்கவில்லை. அப்புறம் வந்தார்கள் பார், பாய் போதாமல் வெளியே தார்ப்பாய் விரித்தோம். வழக்கம்போல் யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று நான்தான் வாசித்தேன். சின்னராசு, சாமை ஒரு மூட்டை. கிருஷ்ணன், பூசணிக்காய் நாலு, தேன் இரண்டு பாட்டில். அம்மாக்கண்ணு, திருப்பூர் பனியன் கம்பெனி, ஒரு வாரச் சம்பளம். மாதம்மாள், காப்பித் தோட்டக் கூலி, பத்து நாள். அதை வாசிக்கும்போது அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். காசு இல்லாத ஒரு பையன் கொத்தனார் வேலை நாலு நாள் என்று எழுதிக் கொடுத்தான், பாஸ்டர் வீட்டு ஒழுகலுக்கு அது ஆகும். கடைசியாகக் கோபால்சாமி வந்தான். தோளில் ஒரு மூட்டை அரிசி, ஆலங்காயம் கடைப் பெயர் அச்சடித்த அதே மாதிரி மூட்டை. படியில் நின்று என்னைப் பார்த்தான். நான் இறங்கிப் போய் ஒரு முனையைப் பிடித்தேன், இரண்டு பேருமாக உள்ளே தூக்கிக்கொண்டு போனோம். ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டபோது அந்த மூட்டையை நான்தான் எடுத்தேன், விட்டுக்கொடுக்காமல் கேட்டு எடுத்தேன், அம்மா விலையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். மூன்று நாளாக வீட்டில் அந்த அரிசிதான்.

பாக்கி முழுதும் சேரவில்லை, முக்கால் பங்கு சேர்ந்தது. மீதியைப் புளி உலுக்கிய பிறகு கட்டுகிறோம் என்று நாற்பத்தி இரண்டு குடும்பமும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். அதைப் பார்த்துத்தான் கமிட்டி ஒத்துக்கொண்டது.

இனி உன் விஷயம். பண்டிகை முடிந்து வீட்டுக்கு வந்து கணக்கு எழுதக் காணிக்கை நோட்டை எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. புளிக் காசு என்று சொல்லுங்கள் என்று நீ சொன்னது அடக்கம் இல்லை. ராத்திரியும் பகலும் நின்று நோயாளியைத் தூக்கி, துடைத்து, ஊசி போட்டு நீ சம்பாதித்த பணத்தை உன் அப்பன் வாசற்படியில் வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவானோ என்று பயந்திருக்கிறாய். அம்மாவைக் கேட்டேன், உன் முதல் சம்பளத்தையே சபைக்கு அனுப்ப ஆசைப்பட்டாயாம், அப்பா ஏத்துக்க மாட்டாரும்மா என்று விட்டுவிட்டாயாம். நாலு வருஷம் இது எனக்குத் தெரியாது. மன்னித்துக்கொள் அம்மா. கோபால்சாமியிடம் சொன்னதைவிட இதைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஐம்பதாயிரத்தை உன் கணக்குக்கே திருப்பி அனுப்பிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஒருத்தர் மொத்தமாகக் கட்டிவிட்டால் மற்றவர்கள் மறுபடி தலையைக் குனிந்து உட்காருவார்கள், அதை நான் ஒருமுறை பார்த்தது போதும். உனக்கு எவ்வளவு தோன்றுகிறதோ அவ்வளவு அனுப்பு, நூறு ரூபாயானாலும் சரி.

அம்மா முழங்காலுக்கு நீ அனுப்பிய தைலம் நன்றாகக் கேட்கிறது, இன்னொரு பாட்டில் வேண்டுமாம். மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. ஹீட்டரை மூடிய அறையில் வைத்துக்கொண்டு தூங்காதே, காலுக்குக் கம்பளி சாக்ஸ் போடு, ட்யூட்டி என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கை வேலையை ஆசீர்வதிக்கட்டும். அம்மா உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள்.

மறந்துவிடாதே, பணம் அனுப்பும்போது எனக்கு ஒரு மெசேஜ் போடு. புளிக் காசு என்று சொல்ல மாட்டேன். கிறிஸ்துமஸ் அன்று எழுந்து நின்று, காவியா, நர்ஸ் வேலைச் சம்பளம் என்று சபை முழுக்கக் கேட்கிற மாதிரி நானே வாசிப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சின்னராசு