பிடி அரிசி டப்பா

மார்ச் 9, 2025, ஞாயிறு
பூசை முடிந்து வெளியே வரும்போது அமலோற்பவம் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப எளச்சிட்டீங்களேக்கா. ஒருசந்தி விரதமா?" தலையசைத்தேன். "இந்த வயசுல! நானெல்லாம் ஒரு வெள்ளிக்கிழமைக்கே தலைசுத்தி உக்காந்துடறேன்."
தவக்காலம் நல்ல திரை. ஈஸ்டர் வந்தால் என்ன சொல்வேன்?

மார்ச் 11
மாடி வீடு இன்னும் காலி. கம்பெனியில் ஆள் குறைத்ததும் அந்த ஒடிசாப் பையன்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வாடகைதான் என் அரிசியும் மாத்திரையும். ரேஷனிலும் எனக்கு அரிசி கிடையாது. நமக்கெதற்கு என்று இவர் இருந்த காலத்தில் பொருளில்லா அட்டை வாங்கிவிட்டார்.
மகன் அருள் ஃபோன் செய்தான். அவனே பெங்களூரில் வேலை தேடிக்கொண்டிருக்கிறான். "எனக்கென்னடா குறை" என்றேன். நம்பினான். நம்பியிருக்க வேண்டாம்.

மார்ச் 12, புதன்
மத்திகிரிக் கோயில் மண்டபத்தில் புதன்கிழமைதோறும் இல்லாதவர்களுக்கு அரிசி, பருப்பு கொடுக்கிறார்கள். அது எங்கள் பங்குக் கோயில் இல்லை. என்னை யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் போனேன். இறங்கவில்லை.

மார்ச் 19, புதன்
இறங்கினேன். வரிசையில் எங்கள் தெருக்கோடி கெம்பம்மா, ரோஜாத் தோட்டத்து வேலைக்காரி. என் இஸ்திரி போட்ட புடவையைப் பார்த்துவிட்டு, "அம்மாவ்ரே, அரிசி அளந்து போட வந்தீங்களா? அந்தப் பக்கம் போங்க, உபதேசியார் ஒண்டியா கஷ்டப்படறாரு" என்றாள்.
இல்லை என்று சொல்ல வேண்டியதுதானே? போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று கடைசி ஆள் வரை அளந்து போட்டேன். படி தலைதட்டாமல் ஒருவருக்கும் போடவில்லை. உபதேசியார், "அடுத்த வாரமும் வந்துடுங்கம்மா" என்றார்.
மடித்த பையோடு திரும்பி வந்தேன்.
உலை வைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்துப் போடும் டப்பா அலமாரியில் இருக்கிறது. வீட்டில் வேறு அரிசி இல்லை. எடுத்து வடித்தேன்.

மார்ச் 20
ஆண்டவருக்கென்று வைத்தது. இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டேன்.

மார்ச் 26, புதன்
போகவில்லை. எந்தப் பக்கம் நிற்பது?

ஏப்ரல் 5
பிடி அரிசி வசூலுக்கு அமலோற்பவம் வந்தாள். கேட்டைத் திறக்கவில்லை. "பூச்சி விழுந்துவிட்டது, கொட்டிவிட்டேன்" என்றேன். "உங்க வீட்லயா!" என்று சிரித்தாள். என் சமையலறையில் பூச்சி — கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்தப் பேச்சு கேட்டதில்லை. நானே சொன்னேன்.
இன்றும் ரவைக் கஞ்சி. அதுவும் இன்னும் ஒரு வாரத்துக்குத்தான்.

ஏப்ரல் 16, பெரிய புதன்
உபதேசியார் தூரத்திலேயே பார்த்துவிட்டு, "வாங்கம்மா, படி காத்துக் கிடக்குது" என்றார்.
"எனக்கு வேண்டும்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. பையை விரித்துக் காட்டினேன்.
மண்டபம் அமைதியாகிவிட்டதாகத் தோன்றியது. இல்லை, யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கெம்பம்மா மட்டும், "இங்க, எனக்கு முன்னால நில்லுங்க" என்றாள்.
"பின்னால் வந்தவள் பின்னால்தான் நிற்க வேண்டும்."
"ஐயோ, இஸ்கூலா இது?" என்றவள் தன் இடத்தை விட்டு எனக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். "கடைசின்னா கடைசி. பேச்சுத் துணைக்காச்சு."
வீட்டுக்கு வந்து வடித்தேன். பல வீட்டுப் பிடி அரிசி. பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி எல்லாம் ஒன்றாய்க் கலந்தது. ஒரு பாதி குழைந்தது, மறுபாதி நறுக்கென்றது. கல் வேறு.
முழுவதும் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்
"ஒருசந்தி முடிஞ்சுதாக்கா?"
"அது ஒருசந்தி இல்லை, அமலோ."
அவள் கூட்டத்தோடு போய்விட்டாள். மத்தியானம் யாரும் வரவில்லை.

மே 3
வசூலுக்கு அமலோற்பவம் வந்தாள். கேட்டைத் திறந்தேன். டப்பாவை நானே அவள் சாக்கில் கவிழ்த்தேன். பருமனும் சன்னமும் பழுப்புமாக விழுந்தது. எங்கிருந்து வந்த அரிசி என்று பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மத்திகிரிக்குச் சாக்கு கட்டி அனுப்புகிறவள் அவள்தானே.
"இதை எதுக்குக்கா..."
"கல் பொறுக்கியிருக்கிறேன். மற்றவர்களையும் பொறுக்கித் தரச் சொல்."
சாக்கின் வாயைச் சுருட்டிப் பிடித்தபடி நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றினாள்.
காபிக்குப் பால் இல்லை என்றேன். கடுங்காபியே போதும் என்றாள்.