பாமிர் சாலையில் நீ கதவைத் தட்டிய வீடு

சைக்கிளில் ஏறிவிட்டால் ஊரையே மறந்துபோகும் என் அண்ணனுக்கு,

நீ போன பிறகு நடந்ததை உனக்கு யார் சொல்வார்கள்? நானே எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும். உன் சாவைப் பற்றி ஊரில் ஏதேதோ பேசினார்கள்.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலையில் லீவைச் சேர்த்துச் சேர்த்து நீ ஜார்ஜியா போனாய், அர்மீனியா போனாய், கிர்கிஸ்தான் போனாய். ஒவ்வொரு முறையும் இளைத்துக் கறுத்து, சிரித்துக்கொண்டு வந்து நிற்பாய். தஜிகிஸ்தானிலிருந்து மட்டும் பெட்டியில் வந்தாய். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அம்மா நம்பவில்லை. "நல்லாயிருந்த பிள்ளைக்கு நெஞ்சு எப்படி நிக்கும்? எவனோ அடிச்சுப் போட்டுட்டு எல்லாத்தையும் புடுங்கிக்கிட்டான்" என்றாள். உன் போனும் சைக்கிளும் வராததை வைத்து அது உறுதி என்றே இருந்தாள். துக்கம் கேட்க வந்த சித்தி வேறு, "ஸ்தான்னு முடியிற ஊருக்கெல்லாம் எதுக்குப் போகணும்?" என்றாள். அன்றிலிருந்து அம்மா சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். நீ இல்லை என்பதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். யாரோ உன்னை அடித்தார்கள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

பல மாதம் கழித்து, நீ பயணப் படங்கள் போடும் பக்கத்தைத் தேடிப்பிடித்து ஜரீனா என்ற பெண் எனக்கு எழுதினாள். 'உங்கள் அண்ணனின் சைக்கிள் எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. அவர் இறந்ததும் எங்கள் வீட்டில்தான்.'

நான் வேலை பார்க்கும் தில்லை நகர் லேபில் லீவு கேட்டேன். கொடுத்தார்கள். அம்மாதான் கொடுக்கவில்லை. "உன்னையும் தூக்கிக் குடுக்க என்னால முடியாதுடி" என்று கத்தினாள். அழுதுகொண்டே கிளம்பினேன்.

தலைநகர் துஷான்பேயிலிருந்து ஜீப்பில் மலைச்சாலை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆறு. ஆற்றுக்கு அக்கரையில் ஆப்கானிஸ்தான். அங்கே ஒருவர் கழுதையை ஓட்டிக்கொண்டு போனார்; எங்கள் ஜீப்பைப் பார்த்துக் கையசைத்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது அண்ணா. உனக்கு முதல் தடவை பயமாக இருந்ததா? நீ சொன்னதே இல்லையே.

ஜரீனாவின் அம்மா பெயர் குல்நோரா. வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஜரீனா எல்லாவற்றையும் சொன்னாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நீ கதவைத் தட்டினாயாம். முகமெல்லாம் வியர்வை. நெஞ்சைத் தொட்டுக் காட்டினாயாம். அவள் அப்பா வண்டி கேட்டு ஓடியிருக்கிறார். குல்நோரா உன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. போனையும் பாஸ்போர்ட்டையும் போலீஸ் வாங்கிப் போனார்களாம். போன் அப்புறம் எங்கே போனதோ, இன்றுவரை தெரியவில்லை.

பிறகு குல்நோரா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். ஜரீனா சொன்னாள்: "கடைசி வரைக்கும் அவர் பிரார்த்தனை பண்ணினாராம். பர்வால்லா, பர்வால்லான்னு அல்லா பேரையே சொன்னாராம். அவரும் முஸ்லிமான்னு அம்மா கேக்குறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகை வந்தது. "அது எங்க பாஷைங்க. பரவால்ல. நீங்க பதறாதீங்க, எனக்காகச் சிரமப்படாதீங்கன்னு சொல்லியிருக்காரு" என்றேன். ஜரீனா அதைச் சொல்லி முடிக்கும் முன்பே குல்நோரா முகத்தை மூடிக்கொண்டார்.

மறுநாள் உன் சைக்கிளில் அடுத்த கிராமம் வரை போனேன். ஸ்கூல் நாட்களுக்குப் பிறகு அன்றுதான் ஓட்டினேன். சீட் உயரம், இரண்டு முறை விழுந்தேன். வழியில் யார் யாரோ "ஹிந்துஸ்தான்?" என்று கேட்டு, ஆப்பிளும் ரொட்டியும் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் வைக்கப் பையில் இடமில்லை.

திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னேன். அந்த ஒரு சொல்லில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சாம்பார்ல உப்பில்லன்னாலும் பரவால்லம்பான், பஸ்ஸை விட்டாலும் பரவால்லம்பான். அவனேதான். அடிக்கிறவங்கிட்ட யாராவது பரவால்லம்பாங்களா?" என்று ரொம்ப நேரம் அழுதாள். அன்று சாப்பிட்டாள்.

இப்போது புதுச் செய்தி. ஜரீனாவுக்கு நம் திருச்சியில் ஒரு காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் அவள் சொந்தக்காரர்கள் குல்நோராவைப் பயமுறுத்துகிறார்கள். இந்தியாவா? பொம்பளப் பிள்ளையைத் தனியாகவா? அங்கே என்னென்ன நடக்கிறது தெரியுமா? உனக்குச் சிரிப்பு வருகிறதுதானே?

இங்கேயும் அதே கதைதான். "தெரியாத நாட்டுப் பொண்ணு, கறி சாப்பிடுமே, ஸ்ரீரங்கத்துல வச்சுக்குவீங்களா?" என்று எதிர் வீட்டு மாமி கேட்டார். "கறி வெளியில சாப்பிட்டுக்கட்டும். இங்க வந்தா நான் சோறு போடுவேன்" என்றாள் அம்மா.

நேற்று வீடியோ காலில் குல்நோரா வந்தார். கண் கலங்கியிருந்தது. அம்மா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். தமிழிலேயே பேசினாள். "இந்தா பாரும்மா, என் பிள்ளை தலைய நீ மடியில வச்சிருந்த. உன் பொண்ணு இங்க ஹாஸ்டல்ல எல்லாம் இருக்க வேணாம். என் பக்கத்துல படுத்துக்குவா. அனுப்பு."

ஜரீனா அதை எப்படி மொழிபெயர்த்தாளோ தெரியாது. குல்நோரா தலையாட்டினார்.

அவள் வந்து இறங்கும்போது ஏர்போர்ட்டில் நான் நிற்பேன் அண்ணா. படிப்பு முடிந்து அவளை அவள் அம்மாவிடம் நானே கொண்டுபோய் விடுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னோடு பிறந்தவள்,
வசந்தி
ஸ்ரீரங்கம்