பேனாவால் போட்ட வட்டம்

ஆகஸ்ட் 6, புதன், இரவு

அம்மாவின் வயிற்றைத் திறந்து கட்டியோடு கர்ப்பப்பையை எடுத்து ஒன்பது நாள் ஆகிறது. இருமல் வரவே கூடாது, வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொள்ள வேண்டும் என்று நர்ஸ் அக்கா சொல்லி அனுப்பினார். உதவிக்கு வந்திருக்கும் அத்தையிடம், அப்பாவின் அக்காவிடம், நானே இரண்டு முறை சொன்னேன்.

இன்று மத்தியானம் அத்தை கதவைச் சாத்திக்கொண்டு காய்ந்த மிளகாய் வறுத்தாள். அம்மா இருமி இருமிச் சுருண்டுவிட்டாள்.

"அத்தே, அடுப்ப அணை!" என்று கத்தினேன்.

"நானும்தான் மூணு பெத்தேன். பத்தாம் நாளே காசிமேட்டுல மீன்கூடை தூக்கிகினு போனேன். ஒரு பைய எடுத்ததுக்கு உங்கம்மாவுக்கு இன்னா இம்மாம் சீனு?" என்று சிரித்தாள்.

சாயங்காலம் பேண்டேஜில் ஒரு ரூபாய் அளவுக்கு ரத்தம் கசிந்திருந்தது.

"ஹார்பர்லேர்ந்து அப்பா வந்தா சொல்லாதடி. அக்கா தம்பிக்குள்ள சண்ட வரும்" என்றாள் அம்மா.

கறையைச் சுற்றி இந்தப் பேனாவால்தான் வட்டம் போட்டேன். காலையில் கறை வட்டத்தைத் தாண்டியிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மறுபடியும் வயிற்றைக் கிழிப்பார்களோ?

அத்தையைச் சும்மா விட மாட்டேன். அவள் வறுத்து அரைத்த அதே மிளகாய்த்தூளை ஒரு கைப்பிடி அள்ளி அவள் தலையணை உறைக்குள் கொட்டிவிட்டேன். இருமட்டும். விடிய விடிய இருமட்டும்.

இதோ, ஆரம்பித்துவிட்டாள். முதலில் தும்மல், இப்போது இருமல். போர்வைக்குள் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அத்தை எழுந்து தலையணையைத் தட்டி உதறுகிறாள். ஃபேன் ஓடுகிறது. எங்களுக்கு இருப்பது ஒரே அறை. அத்தைக்குப் பக்கத்தில்தான் அம்மா படுத்திருக்கிறாள்.

இதை நான் யோசிக்கவே இல்லை.